அடுத்த வீட்டு அப்பத்தாவைக் காணோமே!



குடும்ப நலம் என்றால் கர்ப்பகாலக் கவனிப்பு, தடுப்பூசி, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி என்றுதான் வழக்கமாகப் பேசுவோம். பிறக்கப்போகிறவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், மூத்துக் கிடப்பவர்களைப் பற்றி எப்போது பேசுவது? இந்தப் பிரசுரம் அவர்களைப் பற்றியது. கூடவே, பிறவியிலோ விபத்திலோ நோயிலோ பாதிக்கப்பட்டு அடுத்தவர் கையை எதிர்பார்த்து வாழும் மாற்றுத்திறனாளிகளையும் பற்றியது. இவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே கொடுமை நடக்கிறதோ என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்பதே பாடம்.

சென்ற ஆண்டு ஐப்பசியில், நம் மாவட்டத்தின் ஒரு துணை சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தப் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தேன். கூட்டமெல்லாம் போன பிறகு ஒரு கணவனும் மனைவியும் தயங்கியபடி நின்றார்கள். அந்த அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"சார், எங்க அடுத்த வீட்டு அப்பத்தாவ ரெண்டு மாசமாத் திண்ணையில காணோம். கேட்டா, உள்ள படுத்திருக்குன்னு சொல்றாக. பகல்ல வெளிய பூட்டிட்டுப் போயிர்றாக. ராத்திரியில 'தண்ணி, தண்ணி'ன்னு சத்தம் கேக்குது. மனசு கேக்கல சார்."

கணவர் குறுக்கிட்டார். "நமக்கு எதுக்கு ஊர் வம்புன்னு நான்தான் சார் சொன்னேன். அவுக எனக்குப் பங்காளி முறை. நாளப்பின்ன ஒரு நல்லது கெட்டதுன்னா மூஞ்சில முழிக்கணும்ல? அதோட, நாம நெனைக்கிறது தப்பா இருந்துட்டா?"

இந்த இரண்டு பேச்சும் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் இந்தப் பேச்சு இரண்டு மாதம் நடந்திருக்கிறது. அந்த இரண்டு மாதமும் அப்பத்தா கதவுக்கு அந்தப் பக்கம்தான் கிடந்தார்.

கணவர் கேட்ட கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நடந்ததை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது அன்று. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் உரிய இடத்தில் சொல்வது மட்டுமே உங்கள் வேலை. உண்மையா பொய்யா என்று பார்ப்பதற்குத்தான் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். வயிற்றுவலிக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரும்போது, "குடல்வால் வீக்கம்தான் என்று நிரூபித்துக் காட்டு" என்று யாராவது உங்களிடம் கேட்கிறார்களா?

கொடுமை என்பது அடி உதை மட்டுமா?

அடிப்பது கண்ணுக்குத் தெரியும். நம் ஊர்களில் நான் அதிகமாகப் பார்த்தது அடி அன்று, கொடுக்காமல் விடுவதுதான். தண்ணீர் கொடுத்தால் படுக்கையை நனைத்துவிடுவார் என்று தண்ணீரைக் குறைப்பார்கள். சோறு போட்டால் வெளிக்குப் போவார் என்று ஒரு வேளையாக்கிவிடுவார்கள். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாங்காமல் விடுவார்கள். மூக்குக்கண்ணாடி உடைந்தால் மாற்றுவதில்லை, ஊன்றுகோலை எட்டாத இடத்தில் வைத்துவிடுவது, சக்கர நாற்காலியைப் பரணில் போடுவது. இதெல்லாமும் கொடுமைதான். கை ஓங்காமலே ஒரு மனிதரைச் சாகடிக்க முடியும்.

பணம் இன்னொன்று. உதவித்தொகை வந்ததும் ஏ.டி.எம். கார்டு பேரன் கையில் இருக்கும். "கையெழுத்துப் போடு தாத்தா, ரேஷன் கார்டுக்குத்தான்" என்று சொல்லி நிலத்துக்குக் கைரேகை வாங்கியவர்களையும் நான் அறிவேன். மனநலம் பாதித்தவரைச் சங்கிலியில் கட்டுவது, அறையில் பூட்டுவது, "எப்போ தொலைவே" என்று தினமும் கேட்பது, தொந்தரவு இல்லாமல் கிடக்கட்டும் என்று தூக்க மாத்திரையை அளவுக்கு மேல் கொடுப்பது ஆகியவையும் இதில் சேரும். வாய் பேசாத, புத்தி வளர்ச்சி குன்றிய பெண்களிடம் தகாத முறையில் நடப்பது எல்லாவற்றிலும் கொடியது. அவளால் சொல்ல முடியாது என்ற தைரியத்தில்தான் அதைச் செய்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் வெளிவந்த ஆய்வை வைத்து ஒரு கணக்குச் சொல்கிறது. உலகில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆறு பேரில் ஒருவர், ஓர் ஆண்டுக்குள் இப்படி ஏதாவது ஒரு கொடுமைக்கு ஆளாகிறார். ஆகவே "நம்ம ஊர்ல அப்படியெல்லாம் இல்ல" என்று யாரும் மார்தட்ட வேண்டாம்.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் ஒரு எச்சரிக்கை. வயதானவர் தோல் காகிதம் போல மெலிந்திருக்கும். கட்டில் விளிம்பில் லேசாக இடித்தாலே கன்றிப்போகும். இதய நோய்க்காக ரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் கன்றும். ஆகவே ஒரு கன்றலைப் பார்த்ததும் மருமகள் மேல் பழி போடக் கூடாது. முன்கையிலும் முழங்காலிலும் இருப்பது பெரும்பாலும் இடித்துக்கொண்டதாக இருக்கும். மேற்கையின் உட்புறத்தில், காதுக்குப் பின்னால், கழுத்தில், முதுகில் இருந்தால் யோசிக்க வேண்டும். விரல் விரலாகப் பதிந்த தடம், மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு அழுத்திய தழும்பு, வட்டமான சூட்டுக் காயம் ஆகியவை தானாக வருவதில்லை.

படுக்கைப் புண்ணும் அப்படியே. படுத்தே கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டிலும் சில சமயம் இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் சிவந்துவிடும். ஆனால் புண் குழியாகி, நாற்றமெடுத்து, துணி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, யாரும் ஒரு நர்சுக்குக்கூடச் சொல்லவில்லை என்றால் அது கவனிப்பு இல்லாத புண்.

நாக்கும் உதடும் காய்ந்து வெடித்திருப்பது, கண் குழி விழுந்திருப்பது, சேலை தொளதொளவென்று ஆகும் அளவுக்கு உடம்பு இற்றுப்போவது, எண்ணெய் காணாத தலை, வாரக்கணக்கில் மாற்றாத துணி. இவற்றைத் திண்ணையில் இருந்தே பார்த்துவிடலாம். உள்ளே போய்ப் பார்க்கச் சந்தர்ப்பம் கிடைத்தால், தண்ணீர்ச் செம்பு அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். என் முப்பது வருஷ அனுபவத்தில் ஒரு வீட்டைப் பற்றி அந்தச் செம்பு சொன்னது போல யாரும் சொன்னதில்லை.

பேச்சிலும் தெரியும். "சாப்பிட்டீங்களா பாட்டி?" என்று கேட்டால், பதில் சொல்லுமுன் மகன் முகத்தைப் பார்ப்பார். அவரைத் தனியாக விடவே மாட்டார்கள். எல்லாக் கேள்விக்கும் வேறு ஒருவரே பதில் சொல்வார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் ஊமை போல ஆகிவிடுவார். மாற்றுத்திறனாளிப் பெண் திடீரென்று ஒருவரைக் கண்டால் நடுங்குவது, ஒரு வீட்டுக்குப் போகவே மறுப்பது, வளர்ந்த பிறகும் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, மாதவிலக்கு நின்றுபோவது ஆகியவற்றைத் தாய்மார்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விருதுநகர், மதுரை, தேனி பக்கம் பிறந்தவர்களுக்குத் 'தலைக்கூத்தல்' என்ற வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. எண்ணெய்க் குளியல் என்றும், வழியனுப்புவது என்றும் நல்ல பெயர் வைத்துச் சொல்வார்கள். தன் வீட்டார் இதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு நம் மாவட்டத்து முதியவர் ஒருவர் வீட்டைவிட்டுத் தப்பிப் போன செய்தி 2010-ல் பத்திரிகைகளில் வந்த பிறகுதான் வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியவந்தது. நமக்கு அதற்கு முன்பே தெரியும். எனக்கும் தெரியும்.

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒரு கிராமத்தில் பக்கவாதம் வந்து படுத்திருந்த பெரியவர் ஒருவரை நான் அடிக்கடி போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் மகன் தண்ணீர் பிடிக்க வெளியே போன நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாத்தியாரே, வார வெள்ளிக்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியலாம்ல" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துவிட்டு, "சும்மா இருங்க தாத்தா, நீங்க நூறு வருஷம் இருப்பீங்க" என்று சொல்லி வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் மரியாதையானவர்கள். எனக்கு மோர் கொடுத்தவர்கள். அடுத்த வாரம் போனபோது திண்ணையில் அவருடைய கட்டில் இல்லை. இயற்கையாகவே இறந்தாரா, இல்லையா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. நான் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். ஒருவேளை அந்தக் கட்டிலும் இருந்திருக்கும்.

சட்டத்தின் கண்ணில் இது கொலை. வேறு பெயர் இல்லை. "இழுத்துக்கிட்டுக் கெடக்காரு, பாக்கச் சகிக்கல" என்று சொல்பவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வலியும் மூச்சிரைப்பும் தாங்காமல் ஒருவர் கிடந்தால், அதைத் தணிக்க வைத்தியம் இருக்கிறது. வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை அரசு ஆஸ்பத்திரிகளில் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இந்தச் சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள். நர்சம்மாவிடம் கேளுங்கள். ஆனால் "நாள் குறிச்சாச்சு" என்ற பேச்சு காதில் விழுந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 112-க்குப் போன் செய்யுங்கள்.

சந்தேகம் வந்ததும் செய்ய வேண்டியது

தெருவில் நின்று கத்தாதீர்கள். "நீ மனுஷியா, பெத்தவளாட்டம் இருக்கறவளப் பட்டினி போடுறியே" என்று மருமகளிடம் சண்டைக்குப் போனால், நீங்கள் திரும்பி வந்ததும் அந்தக் கோபமெல்லாம் படுத்திருப்பவர் மேல்தான் இறங்கும். அடுத்த நாளிலிருந்து உங்களை வாசலில்கூட ஏற்றமாட்டார்கள். பிறகு யார் எட்டிப் பார்ப்பது?

ஒரு செம்பு கஞ்சியோ நாலு இட்லியோ எடுத்துக்கொண்டு சாதாரணமாகப் போங்கள். அவரிடம் தனியாகப் பேச இரண்டு நிமிஷம் கிடைத்தால் போதும். "உங்கள யாரு அடிச்சா?" என்று எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம். "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க? தண்ணி யாரு எடுத்துக் குடுப்பா? உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று கேளுங்கள். காது கேளாதவர் என்றால் அவருக்குப் பழகிய சைகையில் கேளுங்கள். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். பிறகு நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். "உதவி செய்யக்கூடிய ஆளுகிட்ட மட்டும் சொல்றேன்" என்று சொல்லலாம்.

பார்த்ததைக் குறித்துவையுங்கள். நான் சொன்ன அந்த அம்மா, வீட்டுச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் தேதிக்கு நேரே எழுதிவைத்திருந்தார்: "இரவு 11 மணி, தண்ணி கேட்டு அழுகை." "காலை பூட்டு. மாலை 6 திறப்பு." எழுத்துப் பிழை நிறைய இருந்தது. ஆனால் அந்தக் காலண்டர் ஒரு தாசில்தாரே மெச்சும் ஆவணம். கண்டது, கேட்டது, தேதி, நேரம், இவ்வளவுதான் வேண்டும். "சொத்துக்காகத்தான் இப்படிச் செய்றாக" என்பது நம் ஊகம். அதை எழுத வேண்டாம். உடுப்பு விலகிக் கிடப்பவரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் அனுப்புவது உதவி ஆகாது. அதுவும் இன்னொரு அவமானம்.

உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் இதெல்லாம் பிறகு. நினைவு இல்லை, மூச்சு ஒழுங்காக இல்லை, ரத்தம் வருகிறது என்றால் 108. நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கும் ஒரே மூச்சில் வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். பாலியல் கொடுமை என்று சந்தேகம் வந்தால் அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, போலீஸ் புகார் இருக்கிறதா என்று பார்க்காமல் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம்.

யாரிடம் சொல்வது?

முதியோர் என்றால் எளிய வழி 14567. இது மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லாத உதவி எண். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். முதியவரே பேச வேண்டும் என்பதில்லை, அக்கம்பக்கத்தாரும் பேசலாம்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 60 வயது நிறைந்தவர்களுக்கானது. பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித்தர இதில் வழி இருக்கிறது. பிள்ளை இல்லாதவர் என்றால் அவர் சொத்தை அனுபவிக்கும் அல்லது அடையப்போகும் வாரிசுக்கு இந்தப் பொறுப்பு. மனுவை விசாரிப்பவர் வருவாய் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. (ஆர்.டி.ஓ. என்றதும் லாரிக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசுக்குப் போய் அலைந்தவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு.) நம் மாவட்டத்தில் சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை ஆகிய மூன்று ஊர்களில் கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. முதியவரால் வர முடியாவிட்டால் அவர் சம்மதத்துடன் வேறு ஒருவர் மனுக் கொடுக்கலாம். யாரும் மனுக் கொடுக்காவிட்டாலும், விஷயம் காதுக்கு வந்தால் அவரே எடுத்து விசாரிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே நீங்கள் சொல்லும் ஒரு தகவல் வீணாகாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. முதியவரைப் பஸ் ஸ்டாண்டிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு ஓடிப்போனால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சொத்து எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. "கடைசி வரைக்கும் வச்சுக் காப்பாத்துவோம்" என்ற நிபந்தனையின் பேரில் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்து, பிறகு சோறு போடாவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வழக்கு சுலபம். வாய்ப்பேச்சாக இருந்தால் கஷ்டம்தான். அதனால் பத்திரம் எழுதும் அன்றைக்கே, "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். மகன் கோபித்துக்கொள்வானே என்று பார்க்காதீர்கள். நல்ல மகனுக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை.

மாற்றுத்திறனாளி என்றால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இருக்கிறது. கொடுமை நடந்தது, நடக்கிறது, நடக்கப்போகிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் அந்தப் பகுதி நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம். நிர்வாக நடுவர் என்றால் பயந்துவிட வேண்டாம், தாசில்தாரும் ஆர்.டி.ஓ.வும்தான். 'நடக்கப்போகிறது' என்பதையும் சட்டத்தில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். தன் பொறுப்பில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்கு வேண்டுமென்றே சோறு தண்ணீர் கொடுக்காமல் இருப்பது, 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை கிடைக்கும் குற்றம். பெண் மாற்றுத்திறனாளி பாலியல் கொடுமைக்கு ஆளானால், போலீசார் அவர் வீட்டுக்கே வந்து, சைகை மொழி தெரிந்தவரையோ சிறப்பு ஆசிரியரையோ வைத்துக்கொண்டு புகாரை எழுத வேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையாக இருந்தால் சொல்லாமல் மறைப்பதே குற்றம். 1098-க்கு உடனே சொல்லுங்கள்.

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் அனுமதிக்கவில்லை. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஒரு கீற்றுக் கொட்டகை காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த நோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். சங்கிலி போட்டவர்களும் "பாதுகாப்புக்காக" என்றுதான் சொன்னார்கள். மனநோயாளி ஒருவர் கவனிப்பின்றி விடப்பட்டிருக்கிறார், கொடுமைப்படுத்தப்படுகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்றே இந்தச் சட்டம் சொல்கிறது. 'தெரிவிக்கலாம்' என்று சொல்லவில்லை.

பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கோ, மாவட்டச் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலருக்கோ சொல்லலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் அதற்காக வழக்குத் தொடர முடியாது. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் கிடைக்கும்.

இத்தனை எண்ணையும் மனப்பாடம் செய்ய முடியாதவர்கள், நர்சம்மாவிடமோ வி.ஏ.ஓ.விடமோ சொல்லுங்கள். மேலே கொண்டுபோவது அவர்கள் பொறுப்பு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம்.

உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனாலும் பத்து வீடு உள்ள தெருவில் யார் சொன்னது என்று ஊகித்துவிடுவார்கள். அதை நான் மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் கணவனும் மனைவியும் பேசி ஒரே முடிவாகச் செய்யுங்கள் என்கிறேன். ஒருவர் சொல்லி, மற்றவர் "எனக்குத் தெரியாது, அவதான் போய்ச் சொன்னா" என்று கைகழுவினால் அந்த வீட்டில் வேறு சண்டை ஆரம்பிக்கும்.

பார்த்துக்கொள்கிறவரும் மனிதர்தான்

அந்த அப்பத்தா வீட்டுக்கு மறுநாளே நர்சம்மாவும் மக்களைத் தேடி மருத்துவ ஊழியரும் பிரஷர் பார்க்கிற சாக்கில் போனார்கள். நாக்கு வறண்டு, இடுப்பில் உள்ளங்கை அகலப் புண்ணோடு அப்பத்தா கிடந்தார். கதவைத் திறந்த மருமகள் முதலில் சண்டை போட்டார். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதார். கணவன் திருப்பூரில் வேலை, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வருவார். மூத்தவர் ஊரிலேயே இருக்கிறார், நிலம் அவர் பேரில். ஒரு நாள் எட்டிப் பார்ப்பதில்லை. அப்பத்தாவுக்கு மறதி நோய். ஒரு தடவை வெளியே போய்க் கிணற்றடியில் விழுந்து கிடந்திருக்கிறார். அதிலிருந்து பூட்டு. "தண்ணி குடுத்தா ராத்திரி நாலு தரம் சேலை மாத்தணும் சார். விடிஞ்சா நான் பட்டாசு வேலைக்குப் போகணும்."

இது கொடுமை இல்லையா? கொடுமைதான். அந்தப் பெண் கெட்டவளா? என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. சொல்லியிராவிட்டால் அப்பத்தா செத்திருப்பார், அந்தப் பெண் மேல் பழி விழுந்திருக்கும், மூத்த மகன் நிலத்தோடு நிம்மதியாக இருந்திருப்பார்.

அப்பத்தா பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். புண் ஆறிவருகிறது. சிறுநீரில் கிருமி இருந்தது தெரிந்து மருந்து கொடுத்ததும், இரவில் நனைப்பதும் பாதியாகக் குறைந்தது. கோட்டாட்சியர் விசாரணையில் இரண்டு மகன்களும் மாதாமாதம் பணம் தர ஒப்புக்கொண்டார்கள். மூத்தவர் இரண்டு மாதம் கொடுத்தார், மூன்றாம் மாதம் இழுத்தடித்தார். திரும்ப மனுக் கொடுத்திருக்கிறார்கள். பகலில் அப்பத்தா எங்கள் காலண்டர் அம்மாவின் திண்ணையில் இருக்கிறார். ஆனால் பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு அந்தத் தம்பதிக்குப் பத்திரிகை வரவில்லை. கணவர் என்னிடம் சொன்னார்: "போகட்டும் சார். ராத்திரி தூக்கம் வருது."

உங்கள் வீட்டிலேயே இப்படி ஒருவர் கிடந்து, நீங்களே பொறுமை இழந்து கை ஓங்கும் நிலை வந்தால், அதையும் வந்து சொல்லுங்கள். புரட்டிப் படுக்கவைக்கவும், படுக்கையிலேயே துடைத்துவிடவும், சிறுநீர்ப் பை வைத்தால் பார்த்துக்கொள்ளவும் நர்சம்மா கற்றுத்தருவார். கணவன்மாரே, உங்கள் தாய் தகப்பனைப் பார்ப்பது உங்கள் மனைவியின் வேலை மட்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை. இரவு ஒரு தரம் நீங்கள் எழுந்திருங்கள்.

மனு எழுத வேண்டி வந்தால் கீழே உள்ளபடி, உங்கள் கையெழுத்திலேயே எழுதலாம்.

பெறுநர்: வருவாய் கோட்டாட்சியர் அவர்கள், ………

ஐயா, எங்கள் ஊர் ………, ……… தெருவில் வசிக்கும் ……… என்ற சுமார் ……… வயதுள்ள முதியவர் / மாற்றுத்திறனாளி பற்றித் தெரிவிக்கிறோம். ……… தேதி முதல் நாங்கள் நேரில் பார்த்தது: ……… காதால் கேட்டது: ……… அவரிடம் பேசியபோது அவர் சொன்னது: ……… அவருடைய தற்போதைய உடல்நிலை: ……… நேரில் வந்து விசாரித்து, அவருக்கு மருத்துவ உதவியும் பாதுகாப்பும் கிடைக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பெயர்களை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மனு எண்ணைக் காலண்டரிலேயே குறித்துவையுங்கள். பதினைந்து நாளில் யாரும் வராவிட்டால் அந்த எண்ணைச் சொல்லித் திரும்பக் கேட்கலாம்.